நடுவர் வரிசையில் ஒரு மேஜிக்காரர் உட்காரட்டும்

தொலைக்காட்சித் திறமைப் போட்டிகளில் மேஜிக்காரர்கள் கலந்துகொள்வது நல்லதா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண வரவேற்பு, குழந்தைகளின் பிறந்தநாள் என்று டெல்டா மாவட்டங்களைச் சுற்றி மேஜிக் காட்டிப் பிழைப்பவன் நான். எங்கள் தொழிலுக்கு வரும் ஓர் இளைஞன் பெயர் வாங்க இன்றைக்கு டிவியை விட்டால் பெரிய மேடை எதுவும் இல்லை. பொருட்காட்சி மேடைகளில் எங்களுக்குக் கிடைத்த இடம் சுருங்கிவிட்டது. டிக்கெட் விற்று நடத்தும் முழுநீள மேஜிக் ஷோ சென்னையிலேயே அபூர்வம். அதனால் போட்டி வேண்டும். ஆனால் நம் ஊரில் மேஜிக்காரர்களை அதற்குத் தேர்ந்தெடுக்கும் விதமும், அவர்கள் வித்தையைப் படமாக்கும் விதமும் எங்கள் அடிமடியிலேயே கை வைக்கின்றன.

என்னிடம் மேஜிக் கற்ற ஒரு பையன் ஒரு சேனலின் ஆடிஷனுக்குப் போனான். அவன் எடுத்துப் போனது நான்கு காசுகள் மட்டும். இடது கையில் இருக்கும் காசுகள் ஒவ்வொன்றாக வலது கைக்குப் போய்ச் சேரும். ஒவ்வொரு முறையும் காசு காசின் மேல் விழும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பெட்டி கிடையாது, துணி கிடையாது, உதவிக்கு ஆள் கிடையாது. உள்ளங்கையில் காசு இருக்கும்போதே கை வெறுங்கை மாதிரித் தளர்ந்து தொங்க வேண்டும். சுண்டுவிரல் கொஞ்சம் விறைத்தாலும் எதிரே இருப்பவருக்கு ஏதோ உறுத்தும். எது உறுத்தியது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் நம்பிக்கை போய்விடும். அந்தத் தளர்வு வருவதற்காக அவன் காசை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டே பேனா பிடித்தான், சாப்பாடு பரிமாறினான், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது அவன் கையை என்னாலேயே படிக்க முடியாது.

ஆடிஷன் அறையில் கைதட்டினார்கள். பிறகு ஒரு பெண் கையில் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். அவன் எனக்குச் சொன்னது இது.

"தம்பி, உங்க ஸ்டோரி என்ன?"

"ஸ்டோரின்னா மேடம்?"

"ஃபேமிலில ஏதாவது கஷ்டம்... அப்பா என்ன பண்றார்?"

"ஆட்டோ ஓட்டறார் மேடம்."

"மேஜிக் வேணாம்னு தடுத்தாரா?"

"இல்ல மேடம். அவர்தான் சீட்டுக்கட்டு வாங்கிக் கொடுப்பார்."

"அம்மா?"

"நல்லா இருக்காங்க."

அவர் படிவத்தில் எதையோ எழுதி மூடிவிட்டார். பையனுக்கு மறு அழைப்பு வரவில்லை. அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. மேலே இருக்கிறவர்கள் கேட்கச் சொன்னதை அவர் கேட்டார். கோபமெல்லாம், நான்கு காசுகளை வைத்து அவன் செய்த வேலைக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லையே என்பதுதான்.

இந்த வகைப் போட்டி நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. 2006-இல் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்', 2007-இல் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்', 2009-இல் இந்தியில் 'இண்டியாஸ் காட் டேலன்ட்'. அமெரிக்காவில் முதல் எட்டு சீசன்களில் ஒரு மேஜிக்காரர்கூட ஜெயிக்கவில்லை. பெரும்பாலும் பாடகர்கள் ஜெயித்தார்கள். நடுவில் ஒரு நடனக்காரர், ஒரு நாய்க் குழு, பொம்மையைப் பேசவைக்கும் டெர்ரி ஃபேட்டர். 2014-இல் ஒன்பதாவது சீசனில் மேட் ஃபிராங்கோ ஜெயித்த பிறகுதான் கதவு திறந்தது. பரிசு பத்து லட்சம் டாலர் என்று விளம்பரம் செய்வார்கள். அதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருவார்கள், அல்லது அதன் இன்றைய மதிப்பை மட்டும் மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்பது நிகழ்ச்சியின் கடைசியில் ஓடும் சின்ன எழுத்து. ஃபிராங்கோவுக்கு உண்மையில் வாழ்வு கொடுத்தது லாஸ் வேகாஸில் கிடைத்த அரங்கம்தான். இன்று அந்தத் தியேட்டரே அவர் பெயரில் இருக்கிறது. 2018-இல் ஷின் லிம், 2021-இல் டஸ்டின் டவெல்லா. 2023-இல் சீட்டு வித்தை செய்யும் ஆனா டிகுஸ்மன் என்ற பெண் இரண்டாம் இடம். ஆசியப் போட்டியில் 2017-இல் இந்தோனேசியாவின் ரியானாவும் 2019-இல் தைவானின் எரிக் சியெனும் முதல் பரிசு வாங்கினார்கள்.

ஏன் திடீரென்று மேஜிக்காரர்கள் ஜெயிக்கத் தொடங்கினார்கள்? கேமராவால்தான் என்று நான் நினைக்கிறேன். ஷின் லிம்மைப் பாருங்கள். ஒரு மேஜை, ஒரு விரிப்பு, ஒரு சீட்டுக்கட்டு, எதிரே ஒருவர். வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். இசை ஓடும். கையெழுத்துப் போட்ட சீட்டு விரலிடுக்கில் மறையும், வேறொரு இடத்தில் வரும், வாயிலிருந்து மெல்லிய புகை கிளம்பும். பியானோ படித்தவர் அவர். மணிக்கட்டு நரம்பில் கோளாறு வந்து, பியானோவா சீட்டா என்று ஒன்றை முடிவுசெய்ய வேண்டிய நிலை வந்தபோது சீட்டை எடுத்துக்கொண்டார். அவர் விரல்கள் மேஜையில் இறங்கும் விதத்தில் அந்தப் பழைய பயிற்சி தெரியும். இப்படிப்பட்ட வித்தை காலங்காலமாக ஒரு மேஜையைச் சுற்றி உட்காரும் பத்துப் பேருக்கானது. மூவாயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஹாலிவுட் டால்பி தியேட்டரில் அதைச் செய்ய முடிந்ததற்கு, மேஜைக்கு மேல் தொங்கிய கேமராவும் பின்னாலிருந்த பெரிய திரையும்தான் காரணம். பெரிய பெட்டியும் லாரியும் வைத்திருப்பவர் மட்டுமே பெரிய மேஜிக்காரர் என்ற காலம் அதோடு போயிற்று. சீட்டுக்கட்டு வாங்க மட்டுமே வசதியுள்ள ஆட்டோ ஓட்டுநர் வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய நல்ல செய்தி கிடையாது. தொலைக்காட்சிக்கு இதற்காக நான் நன்றி சொல்கிறேன்.

ஆனால் அதே கேமராதான் எங்களைக் கெடுக்கவும் செய்கிறது. நம் சேனல்களில் மேஜிக் வரும்போது கவனித்துப் பாருங்கள். கை காசின் மேல் மூடும். உடனே ஒரு நடுவர் வாயைப் பிளந்து நிற்கும் காட்சி. அதற்குப் பிறகு இன்னொரு நடுவர் தலையில் கை வைக்கும் காட்சி. திரும்பி வரும்போது கை திறந்திருக்கும், காசு இருக்காது. நடுவில் போன அந்த இரண்டு விநாடியில் என்ன நடந்தது என்று வீட்டில் பார்க்கிறவருக்குத் தெரியாது. 'கட் பண்ணிட்டாங்க' என்று அவர் நினைத்தால் அதில் என்ன தவறு? எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று முடிவுசெய்வது மேஜிக்காரரின் வேலை. கண்ணாலும் பேச்சாலும் தோள் திரும்பும் திசையாலும் அவர் அதைச் செய்கிறார். பாதித் தொழில் அதுதான். அந்த வேலையை ஒரு வாரம் கழித்து எடிட்டிங் அறையில் உட்கார்ந்திருப்பவர் எடுத்துக்கொண்டால், மேடையில் நின்றவர் வெறும் நடிகராகிவிடுகிறார்.

இதன் விளைவை நான் பள்ளிக்கூடங்களில் நேரில் பார்க்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றடி தூரத்தில் நின்று நான் காசை மறைக்கிறேன். "கிராஃபிக்ஸ் சார்!" என்று கத்துகிறது. தன் கண்ணெதிரே நிற்கும் மனிதனின் கையிலும் கிராஃபிக்ஸ் இருக்கும் என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. அந்தப் பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டு, அதன் கையிலேயே காசை வைத்து, அதையே மூடச் சொல்லி, அதன் கைக்குள்ளேயே ஒரு காசு இரண்டு காசாகும்போதுதான் அந்த முகம் மாறும். இப்போதெல்லாம் என் நிகழ்ச்சியின் முதல் கால் மணி நேரம் இந்த ஒரு நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவதற்கே போய்விடுகிறது.

தொலைக்காட்சியில் மேஜிக் எப்படி இருக்க முடியும் என்பதை ஓர் இந்தியர் நெடுங்காலத்துக்கு முன்பே காட்டிவிட்டார். 1956 ஏப்ரல் 9 அன்று லண்டனில் பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் பி.சி. சர்க்கார் தன் உதவியாளரான பதினேழு வயது தீப்தி டேயை மேஜையில் படுக்கவைத்து மின்ரம்பத்தால் அறுத்தார். நேரடி ஒளிபரப்பு. அறுத்து முடித்து அந்தப் பெண்ணை எழுப்பப் பார்க்கிறார், அசைவில்லை. முகத்தில் துணியைப் போட்டு மூடுகிறார். அந்த நிமிடத்தில் தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி கேமராவுக்கு முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்துவிட்டார். பெண் செத்துப்போனாள் என்று பயந்து ஜனங்கள் போன் செய்ய, பி.பி.சி.யின் தொலைபேசிகள் ஸ்தம்பித்தன. நேரம் போதாமல் அப்படி ஆனது என்று சொல்லப்பட்டது. நேரத்தைக் கணக்குப் பார்த்தே சர்க்கார் அப்படி வைத்தார் என்று எங்கள் தொழிலில் பலர் நம்புகிறோம். லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அவருடைய காட்சிகளுக்கு டிக்கெட் பறந்தது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதை எடிட்டரிடம் விடாமல் தன் கையிலேயே வைத்திருந்தவர் அவர்.

நேரடி ஒளிபரப்பின் பலத்துக்கு இன்னொரு சாட்சி சீனாவில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு இரவு நிகழ்ச்சியில் லியு சியென் என்ற மேஜிக்காரர், வீட்டில் இருக்கும் எல்லோரையும் நான்கு சீட்டுகளை எடுத்துக் கிழிக்கச் சொன்னார். பெயரில் உள்ள எழுத்துகளை எண்ணிச் சீட்டை நகர்த்து, இதை எறி, அதை ஒளித்துவை என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசியில் ஒளித்துவைத்த பாதியும் கையில் மிஞ்சிய பாதியும் பொருந்த வேண்டும். கோடிக்கணக்கான வீடுகளில் பொருந்தியது. மேடையில் பக்கத்தில் நின்ற நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவருக்குப் பொருந்தவில்லை. நாடே பல நாள் அதைப் பற்றிப் பேசியது. அந்தத் தவறால் வித்தையின் மதிப்பு குறையவில்லை, கூடியது. ஜோசஃபஸ் கணக்கு என்று கணித வகுப்பில் சொல்வார்களே, அதுதான் அந்த வித்தையின் அடித்தளம் என்று ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு விளக்கினார்கள். வெட்டாமல் காட்டியதால்தான் அந்தத் தவறும் தெரிந்தது, மற்ற வீடுகளில் நடந்ததும் நிஜம் என்று தெரிந்தது.

கண்ணீர்க் கதை விஷயத்துக்கு வருகிறேன். கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேஜிக்குக் கதை வேண்டும். நான் பார்த்த போட்டி வித்தைகளில் என்னை மிகவும் அசைத்தது ஒரு கதையைச் சொன்ன வித்தைதான். 2016-இல் பிரிட்டனில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ராணுவ வீரர் இறுதிச் சுற்றில் சீட்டுக்கட்டோடு நின்று, ஃபெர்கஸ் ஆங்கோர்ன் என்ற ஒரு முதியவரின் கதையைச் சொன்னார். முடிவில் அந்த முதியவரே மேடைக்கு வந்தார். அப்போது அவருக்கு 97 வயது. அந்தப் போட்டியில் ஜெயித்த முதல் மேஜிக்காரர் ஜோன்ஸ்தான்.

ஆங்கோர்ன் பதினெட்டு வயதிலேயே லண்டன் மேஜிக் சர்க்கிளில் உறுப்பினரானவர். போர் வந்ததும் பீரங்கிப் படையில் சேர்ந்து சிங்கப்பூர் வந்தார். 1942 பிப்ரவரியில் குண்டு விழுந்து வலது கை கிட்டத்தட்டத் துண்டாகிப் போனது. அறுவை சிகிச்சை மேஜையில் கையை எடுத்துவிடலாம் என்ற நிலையில், அவருடைய மேஜிக்கை முன்பு பார்த்திருந்த ஒரு மருத்துவ உதவியாளர் அவரை அடையாளம் கண்டு, இவர் மேஜிக்காரர், கையை எடுக்காதீர்கள் என்று சொன்னதால் கை பிழைத்தது. சிங்கப்பூர் விழுந்து ஜப்பானியரிடம் கைதியாகி, சயாம்-பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். முகாம் தளபதிக்கு மேஜிக் பிடிக்கும். ஒருமுறை முட்டை வித்தை காட்டச் சொன்னபோது ஆங்கோர்ன் ஐம்பது முட்டைக்குச் சீட்டு எழுதி வாங்கினார். வித்தைக்குத் தேவை ஒன்று. மிச்சத்தைப் பட்டினி கிடந்த கைதிகள் சாப்பிட்டார்கள். மற்ற முட்டைகள் எங்கே என்று தளபதி கூப்பிட்டுக் கேட்டபோது, ஒத்திகைக்குச் செலவாகிவிட்டது என்றார். தலை தப்பியது. 2018-இல், 99 வயதில் இறக்கும்வரை அந்தக் கையால் மேஜிக்கை விடவில்லை.

இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு நம் ஜனங்கள் நினைவுக்கு வந்தார்கள். அதே ரயில்பாதைக்கு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் காட்டுக்குள் செத்தவர்களில் பெரும் பகுதி பெயர்கூடப் பதிவாகாதவர்கள். மலேசியத் தமிழர்கள் அதைச் சயாம் மரண ரயில் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆங்கோர்னின் முட்டைக் கதையை நான் பள்ளிகளில் சொல்லும்போது அவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஜோன்ஸ் சொன்னதும் மேஜிக்காரர் ஒருவரின் துன்பக் கதைதானே, நம் சேனல் கேட்பதும் அதுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஜோன்ஸின் கதை வித்தைக்குள்ளேயே இருந்தது. சீட்டுகள்தான் அதைச் சொல்லின. சீட்டை எடுத்துவிட்டால் கதை இல்லை, கதையை எடுத்துவிட்டால் வித்தை இல்லை. நம் ஊரில் வித்தைக்கு முன்னால் ஒரு வீடியோ போடுகிறார்கள். ஒழுகும் கூரை, பழைய போட்டோ, சோக வயலின். அது முடியும்போதே நடுவர் கண்ணைத் துடைத்திருப்பார். அதற்கப்புறம் அந்தப் பையன் காசை நன்றாக மறைத்தானா, தடுமாறினானா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? நன்றாகச் செய்திருந்தாலும் அவனுக்குக் கிடைக்கும் ஓட்டு இரக்கத்துக்கான ஓட்டு. அடுத்த வாரம் அவனைவிடச் சோகமான வீட்டிலிருந்து ஒருவர் வந்தால் இவன் வெளியே போக வேண்டியதுதான்.

ரிச்சர்ட் டர்னர் என்ற அமெரிக்கச் சீட்டு நிபுணரைச் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே பார்வை மங்கத் தொடங்கிப் பின்னாளில் முழுவதும் போய்விட்டது. விரலால் சீட்டைத் தொட்டே வேலை செய்கிறார். கட்டின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் அவர் சீட்டுப் போடும்போது, மேலிருந்து போடுவதாகவே பார்ப்பவர் சத்தியம் செய்வார். ஆனால் 'பார்வையற்ற மேஜிக்காரர்' என்று தன்னை அறிமுகப்படுத்துவதை அவர் நெடுங்காலம் விரும்பவில்லை. என் சீட்டு வேலையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பதே அவர் பிடிவாதம். 2017-இல் அவரைப் பற்றி 'டெல்ட்' என்ற ஆவணப்படம் வந்தது. எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும், எங்களைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொருவரும் அதைப் பார்க்க வேண்டும்.

அதே 2017-இல் டர்னர் கலந்துகொண்ட நிகழ்ச்சியைத்தான் நம் தயாரிப்பாளர்களுக்கு நான் முன்மாதிரியாகக் காட்டுவேன். 'பென் அண்ட் டெல்லர்: ஃபூல் அஸ்'. 2011-இல் பிரிட்டனில் தொடங்கிப் பிறகு அமெரிக்காவுக்குப் போனது. பென் ஜில்லட்டும் டெல்லரும் லாஸ் வேகாஸில் பல காலம் சேர்ந்து மேஜிக் செய்யும் ஜோடி. பென் நிறுத்தாமல் பேசுவார், டெல்லர் மேடையில் பேசவே மாட்டார். வருகிற மேஜிக்காரர் அவர்கள் முன்னால் வித்தை செய்ய வேண்டும். எப்படிச் செய்தார் என்று இருவராலும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கோப்பையும், லாஸ் வேகாஸில் அவர்களுடைய மேடையில் வித்தை காட்டும் வாய்ப்பும் கிடைக்கும். டர்னர் அவர்களை ஏமாற்றிக் கோப்பை வாங்கினார். ஷின் லிம்மும் முதலில் பெயர் வாங்கியது அங்கேதான்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது வித்தை முடிந்த பிறகு வரும் இரண்டு நிமிடம். பென்னும் டெல்லரும் கூடிப் பேசுவார்கள். பிறகு பென் அந்த மேஜிக்காரரைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பார். முதலில் மனசாரப் புகழ்வார். எந்த இடத்தில் கை அழகாக இருந்தது, எந்தப் பழைய வித்தையைப் புதிதாக மாற்றியிருக்கிறார் என்று விவரமாகச் சொல்வார். அந்தப் பேச்சுக்கு நடுவிலேயே சில வார்த்தைகளைப் போட்டுவைப்பார். ஒரு பழைய மேஜிக்காரரின் பெயராக இருக்கும், எங்கள் தொழிலில் மட்டும் புழங்கும் ஒரு சொல்லாக இருக்கும். வீட்டில் பார்க்கிறவருக்கு அது சாதாரணப் பேச்சு. மேடையில் நிற்பவருக்கு மட்டும், ஓ, இவர் பிடித்துவிட்டார் என்று புரியும். அவர் சிரித்து ஒப்புக்கொள்வார். கண்டுபிடித்தது சரிதானா என்று சந்தேகம் வந்தால் தீர்ப்புச் சொல்ல, அந்த வித்தையின் முறையை முன்கூட்டியே அறிந்த மூத்த மேஜிக்காரர்கள் மேடைக்கு வெளியே இருப்பார்கள். ஜானி தாம்ப்சன் 2019-இல் இறக்கும்வரை அந்த வேலையைச் செய்தார். கோடிப் பேர் பார்க்கும் நிகழ்ச்சியில் ஒரு ரகசியமும் உடையவில்லை, ஒருவரும் அவமானப்படவில்லை. தோற்றவருக்கும் வாழ்வு உண்டு. டிராகன் உடையில் வந்த பிஃப் என்ற மேஜிக்காரர் 2011-இல் அவர்களை ஏமாற்ற முடியாமல் போனார். ஆனால் அந்த நிகழ்ச்சியால் உலகம் அவரை அறிந்தது, லாஸ் வேகாஸில் தனக்கென்று ஒரு ஷோவும் வந்தது.

நம் திறமைப் போட்டிகளில் நடுவர்களாக உட்காருபவர்கள் நடிகர்கள், நடன இயக்குநர்கள், பாடகர்கள். அவர்கள் துறையில் அவர்கள் பெரியவர்கள். ஆனால் சங்கீதப் போட்டிக்குச் சுருதி தெரியாதவரை நடுவராகப் போடமாட்டார்கள். மேஜிக்குக்கு மட்டும் 'எப்படிப் பண்ணீங்க, செம்ம' என்ற ஒரு வரியோடு மதிப்பெண் போடலாமா? கடையில் வாங்கிய கருவியை முதன்முறையாக மேடையில் எடுத்து நீட்டியவருக்கும், மூன்று வருடம் ஒரு விரல் அசைவைப் பழகியவருக்கும் ஒரே மதிப்பெண் விழுகிறது. இதைப் பார்க்கும் பிள்ளைகள் கருவி வாங்கத்தான் போவார்கள், பழக மாட்டார்கள். மேஜிக்காரர்களே நடுவராக இருக்கும் போட்டி உலகத்தில் இல்லாமல் இல்லை. 1948 முதல் நடக்கும் ஃபிஸம் உலகப் போட்டியில் அப்படித்தான். ஆசியப் போட்டியில் 2019-இல் ஜெயித்த எரிக் சியென் அதற்கு முந்தைய ஆண்டே பூசான் நகரில் ஃபிஸம் கிராண்ட் பிரி வாங்கியவர். 2025-இல் இத்தாலியின் டூரின் நகரில் நம் நாட்டு சுஹானி ஷாவுக்கு அங்கே சிறந்த மேஜிக் படைப்பாளி விருது கிடைத்தது. அந்தச் செய்தியைச் சினிமாச் செய்தியளவுக்கு நம் சேனல்கள் கொண்டாடியிருக்க வேண்டும்.

வித்தை தெரிந்தவர் நடுவராக இல்லாததால் வரும் இன்னொரு கேடு ஆபத்து. கைத்திறமை புரியாத இடத்தில் பயம் மட்டும்தான் எடுபடும். அப்போது போட்டியாளர் நெருப்பு, தண்ணீர், கத்தி என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாகத் தேடுவார். 2021 அக்டோபரில் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்: எக்ஸ்ட்ரீம்' ஒத்திகையில், கட்டுகளிலிருந்து தப்பும் வித்தைக்காரர் ஜோனதன் குட்வின், அந்தரத்தில் தொங்கிய இரண்டு கார்களுக்கு நடுவே நசுங்கினார். தண்டுவடம் போய் இன்று சக்கர நாற்காலியில் இருக்கிறார். நம் நாட்டில் 2019 ஜூனில் 'மாண்ட்ரேக்' என்று பெயர்பெற்ற கொல்கத்தா மேஜிக்காரர் சஞ்சல் லாஹிரி, கைகால்களைக் கட்டிக்கொண்டு ஹூக்ளி நதியில் இறங்கினார், உயிரோடு வரவில்லை. அது டிவிப் போட்டி இல்லை. ஆனாலும் கூட்டத்தை அசத்த உயிரைப் பணயம் வைத்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் யோசிக்க வேண்டும். இருபது வயதுப் பையன் ஒருவன் டிஆர்பிக்காகத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மேஜிக் போட்டியாளர் வரும் நாளில் நடுவர் வரிசையில் ஒரு மேஜிக்காரரை உட்காரவையுங்கள். தமிழ்நாட்டில் மூத்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் கேரளத்தில் மேஜிக் கற்றுத்தர ஒரு அகாடமியையே நிறுவிய கோபிநாத் முதுகாட் இருக்கிறார். வித்தை தொடங்கி முடியும்வரை ஒரு கேமரா கையை விட்டு நகரக் கூடாது, அந்த ஓட்டத்தை எடிட்டிங்கில் வெட்டக் கூடாது. நடுவரின் முகத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் திரையின் ஓரத்தில் சின்னதாகக் காட்டுங்கள். வீட்டுக் கதை வீடியோவை வித்தைக்கு முன்னால் போடாமல் பின்னால் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த 'மேக்கிங்' காட்சிகளை யூடியூபில் ஏற்றாதீர்கள். ஒருவர் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்த முறை அதில் ஒரு நொடியில் போய்விடுகிறது. உயிருக்கு ஆபத்தான வித்தைக்கு, அந்த வித்தையைச் செய்து பழகிய வெளியாள் ஒருவர் ஒத்திகையில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

இதற்குப் புதிதாக செட் போட வேண்டியதில்லை, பரிசுத் தொகையைக் கூட்ட வேண்டியதில்லை. கேமராக்கள் ஏற்கெனவே ஸ்டூடியோவில் இருக்கின்றன. அடுத்த சீசனுக்கான ஆடிஷன் படிவம் அச்சுக்குப் போவதற்குள் விதிமுறைகளில் இவற்றைச் சேர்த்துவிடலாம். எந்தச் சேனலாவது முன்வந்தால், ஒத்திகைகளுக்கு என் செலவிலேயே சென்னைக்கு வந்து உட்காரத் தயார்.